உலாந்தாத் துரை கேட்ட மன்னிப்பு

மேலப்பாளையத்து நெசவாளர் தெருவில் மறுநாள் பாவு விரிக்கக் கூடாது என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஆடி மாதம். கலெக்டர் கச்சேரியிலிருந்து ஒரு துரையும், சீமையிலிருந்து வந்த இன்னொரு துரையும் வண்டியில் வருகிறார்களாம். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவும் வேலை ஒரு நாள் நின்றால் தறிகள் இரண்டு நாள் நிற்கும். அதை யாரும் தலையாரியிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

துரைமார்களோடு மொழிபெயர்ப்பு குமாஸ்தா நேசையாவும் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், ஐம்பது வயது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு இதே வேலை. துரைமார் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்வார். சனங்கள் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் சொல்வார். வசவை விட்டுவிடுவார். கோபத்தைப் பணிவாக்குவார். அரை மணி நேர அழுகையை இரண்டு வரி விண்ணப்பமாக்குவார். வேலை நிலைப்பதற்கு அதுதான் வழி என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டிருந்தார். சாயங்காலம் வீடு திரும்பினால் மனைவி சாலோமியிடம் பேசக்கூட அவருக்கு வாய் வராது.

சீமையிலிருந்து வந்தவர் இங்கிலீஷ்காரர் இல்லை. உலாந்தாக்காரர், ஹாலந்து தேசத்தவர். பெயர் பிராவர். நரைத்த தாடி, வெயிலில் சிவந்த கழுத்து. ஒரு காலத்தில் தூத்துக்குடிக் கரை முழுவதும் உலாந்தாக் கும்பெனியின் கையில் இருந்தது. இங்கிலீஷ்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டு அவர்கள் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிராவர் துரையின் பாட்டனுக்குப் பாட்டன் அங்கே பண்டகசாலை அதிகாரியாக இருந்தவர். அவர் எழுதிவைத்த பழைய நாட்குறிப்பு ஒன்று பேரன் கைக்கு வந்திருந்தது. துணி தாமதமாக வந்ததற்காக மேலப்பாளையத்து நெசவாளர் பதினோரு பேரைப் பண்டகசாலைக் கிட்டங்கியில் நாற்பது நாள் பூட்டிவைத்ததாகவும், அவர்களில் மூன்று பேர் செத்துப்போனதாகவும் அதில் எழுதியிருந்தது. அந்த மூவரின் வம்சத்தாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அவர் கப்பலேறி வந்துவிட்டார்.

கச்சேரித் துரைக்கு இதில் அக்கறை இல்லை. விருந்தாளியைக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததால் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

நாட்குறிப்பில் செத்தவர்களில் ஒருவரின் பெயரை மட்டும் எப்படியோ படிக்க முடிந்தது. பிச்சை மைதீன். நேசையா அதை ஜமாத்துப் பெரியவர் ஹபீப் முகம்மதுவிடம் சொன்னார்.

"என்ன வே நேசையா, நூத்தம்பது வருசத்துக் கதையைக் கேக்குதீரு," என்றார் ஹபீப் முகம்மது. "தெருவுக்கு நாலு பிச்சை மைதீன் உண்டும். எவன்னு சொல்ல?"

"ஒரு வீட்டைக் காட்டும் வே. துரை ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காரு."

ஹபீப் முகம்மது கொஞ்சம் யோசித்தார். கச்சேரித் துரையை ஒருதரம் பார்த்தார். "அப்பம் ஆசியா உம்மா வீட்டுக்கு வாங்க," என்றார்.

ஏன் அந்த வீடு என்று நேசையாவுக்கு உடனே விளங்கியது. ஆசியா உம்மாளின் மகன் நூகு, மூன்று வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் கலகம் நடந்த அன்று சேலை விற்கப் போனவன். கூட்டத்தோடு கூட்டமாக அவனையும் பிடித்து ஐந்து வருஷம் சிறையில் போட்டுவிட்டார்கள். அவள் கொடுத்த மனுக்களில் இரண்டை நேசையாவே மொழிபெயர்த்திருக்கிறார். வம்சாவளியைப் பார்த்து ஹபீப் முகம்மது அந்த வீட்டைச் சொல்லவில்லை.

ஆசியா உம்மாள் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக் கதவோரம் நின்றாள். கச்சேரித் துரையின் நாற்காலியை அங்கேயும் தூக்கிவந்து போட்டார்கள். பிராவர் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எழுதிவந்த தாளை இங்கிலீஷில் படித்தார். நேசையா தமிழில் சொன்னார்.

"உம்மா, இவரு முன்னோரு நம்ம ஆளுகளைப் பூட்டிவச்சுக் கொடுமை பண்ணிட்டாவளாம். உங்க வீட்டு மூத்தவரு ஒருத்தரு அதுல மவுத்தாயிட்டாராம். அதுக்கு மன்னிப்புக் கேக்குதாரு."

"யாரு பூட்டினது? இந்தா உக்காந்திருக்காரே, இவுகளா?"

"இல்லம்மா. இவுக இங்கிலீஷ்காரவுக. அவரு உலாந்தா. வேற ராஜ்யம்."

அவள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு பிராவர் துரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அந்த மனுசனை நான் பாக்கல, எங்க வாப்பாவும் பாக்கல. மன்னிச்சேன்னு சொல்லுங்க. அல்லா அவருக்கு நல்லது செய்யட்டும்."

நேசையா சொன்னார். பிராவர் துரையின் கண் கலங்கியது.

"அண்ணாச்சி, இன்னும் முடியல," என்றாள் ஆசியா உம்மாள். "இதையும் சொல்லுங்க. எம் மவனையும் பூட்டித்தான் வச்சிருக்காவ. எட்டு மாசமா ஒரு கடுதாசி இல்ல. உசுரோட இருக்கானா இல்லியான்னு சொல்ல ஆளில்ல. அன்னைக்குப் பூட்டினவரு பேரப்பிள்ள வந்து மன்னிப்புக் கேட்ட மாதிரி, இந்தத் துரை பேரப்பிள்ளையும் ஒருநா வருவானா? அதுவரைக்கும் நான் இருப்பனா? இப்பமே விசாரிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

கச்சேரித் துரை சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "என்ன சொல்லுகிறாள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

வழக்கமான பதில் நேசையாவின் நாக்கில் தயாராக இருந்தது. துரைமார் வந்ததில் சந்தோஷப்படுகிறாள், தன் மகனைப் பற்றி ஒரு சின்ன விண்ணப்பம் வைக்கிறாள். அவ்வளவுதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவருக்குச் சலித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பேர் வாயிலிருந்து எத்தனை பேச்சைத் தான் விழுங்கியிருப்போம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல், பேரப்பிள்ளை வருவானா என்ற கேள்வியோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்.

கச்சேரித் துரையின் முகம் சிவந்தது. பிராவர் துரை அவர் பக்கம் திரும்பி, "விசாரிக்கலாம் அல்லவா?" என்று மெதுவாகக் கேட்டார். வெளிநாட்டு விருந்தாளி கேட்ட பிறகு முடியாது என்று சொல்ல வழியில்லை. "விசாரிக்கிறேன்," என்றார் கச்சேரித் துரை. பாளையங்கோட்டை வரும்வரை அவர் நேசையாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு வாரத்தில் கச்சேரியிலிருந்து இரண்டு காகிதங்கள் வந்தன. நூகு உயிரோடு இருக்கிறான், வயிற்றுக்கடுப்பில் கிடந்து வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருக்கிறான் என்பது ஒன்று. நேசையா களக்காட்டுக்குப் போய் நகல் எழுதவேண்டும் என்பது மற்றது. சம்பளம் குறைவு. சாலோமி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டாள்: "பைய மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் நேசையா.

மார்கழியில் உலாந்தாவிலிருந்து ஒரு கடிதம் பல ஊர் சுற்றிக் களக்காட்டுக்கு வந்தது. அந்த அம்மாளிடம் படித்துக் காட்டும்படி பிராவர் துரை எழுதியிருந்தார். கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை வந்தபோது நேசையா மேலப்பாளையத்துக்கு நடந்தே போனார். தெருவில் பாவு விரித்திருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி நடந்து ஆசியா உம்மாள் வீட்டை அடைந்தார்.

"உங்களைப் பாத்த பொறவு மனசுல இருந்த பாரம் இறங்கிட்டுதுன்னு எழுதியிருக்காரு. ராத்திரி நல்லாத் தூங்குதாராம். அவுக வேதக்கோயில்ல இதைப் பத்திப் பேசினாராம். எல்லாரும் அழுதாவளாம்."

"எம் மவனைப் பத்திக் கேட்டிருக்காரா?"

நேசையா மூன்று பக்கத்தையும் மறுபடி பார்த்தார். கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிடலாம், எத்தனை சுலபம்.

"கேக்கல உம்மா," என்றார்.

"மறந்திருப்பாரு. வயசாச்சுல்லா." அவள் குரலில் கோபம் இல்லை. "நல்லாத் தூங்கட்டும். பதிலு எழுதணுமா அண்ணாச்சி?"

"நீங்க சொன்னா எழுதுதேன்."

"என்னத்த எழுத," என்றாள். பிறகு, "உங்களைத் தூரத்துக்கு மாத்திட்டாவன்னு ஹபீப் மாமா சொன்னாவ. என்னால வந்த வினை," என்றாள்.

"உங்களால இல்ல. நாந்தான் சொன்னேன்."

அவள் உள்ளே போய் ஒரு குவளை மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார். பாவுக்கு ஓரமாகவே நடந்து திரும்பினார்.

நூகு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில் வந்து சேர்ந்தான். இருபத்தெட்டு வயதிலேயே நாற்பது வயது ஆள் போல் இருந்தான். குழித்தறியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. அதிகமாகப் பேசுவதும் இல்லை. யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் எழுந்து நின்றுவிடுவான். அப்போதெல்லாம் ஆசியா உம்மாள் அவன் தோளைத் தொட்டு, "இரு வாப்பா, நம்ம வீடுதான்," என்று உட்காரவைப்பாள்.