தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ

தூவா தன் பழைய வோல்வோ காருக்கு, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துப் பலத்தைக் கூட்டும் டர்போவை மாட்டியதற்குக் காரணம் ஒன்றுதான். ஊருக்கு வடக்கே இருக்கும் நீண்ட ஏற்றத்தில் மரக்கட்டை லாரி அவளை முந்திப் போனது. ஒரே வாரத்தில் மூன்று முறை. மூன்றாம் முறை டிரைவர் கையசைத்தாராம். முந்தியதைக்கூட மன்னித்திருப்பாள்.

அவள் வேலை பால் கறப்பது. சொந்தமாக ஒரு மாடுகூடக் கிடையாது. ஊரைச் சுற்றியுள்ள நூர்ஷோ வட்டாரத்தில் எந்தப் பண்ணைக்காரருக்காவது காய்ச்சல் வந்தால், கால் முறிந்தால், தூவா போய்க் கறந்து கொடுத்துவிட்டு வருவாள். பண்ணைக்கும் பண்ணைக்கும் நாற்பது கிலோமீட்டர், பேருந்து கிடையாது. கார் போனால் வேலையும் போகும். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு முப்பத்திரண்டு மாடுகள் அவளை எதிர்பார்த்து நிற்கும். எஞ்சினைச் சோதிக்க, சோதனைக் கொட்டகை வைத்திருக்கும் ஹில்டிங் கொடுத்த நாள் அதற்கு முந்தைய சனிக்கிழமை.

நான் எலோஃப், அவளுடைய சித்தி மகன். லூலியோ பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. அதாவது, எது எப்படி உடையும் என்பதுவரை படித்துவிட்டேன். உடையாமல் இருப்பது நான்காம் ஆண்டில் வருகிறது.

அந்த எஞ்சின் நான்கு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. உள்ளே கிராங்க், பிஸ்டன், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு எல்லாம் தொழிற்சாலையில் போட்டபடியே இருந்தன. தூவா வெளியில்தான் எல்லாவற்றையும் சேர்த்திருந்தாள்: டர்போ, பெரிய ரேடியேட்டர், எத்தனால் எரிபொருளுக்கு வேறு இன்ஜெக்டர், ஒரு குட்டிக் கணினி.

"தொறந்து ராடையாவது மாத்திடேன்," என்றேன்.

"பொறந்ததுலேர்ந்து உன்னையும்தான் யாரும் தொறந்து பாக்கல. ஓடிட்டுத்தானே இருக்க?"

"தேஞ்சு போன எஞ்சின், தூவா."

"தேஞ்சதுனாலதான்டா தைரியம். டர்போ சூட்டுல பிஸ்டன் ரிங் நீளும். புது எஞ்சின்னா, ரிங்கோட வாய அராவி இடம் விடணும். இதுக்கு இருவத்தஞ்சு வருஷமா ரோடே அராவிக் குடுத்துருக்கு. ராட முறிக்கிறது வேகம் இல்ல, அவசரம். எஞ்சின் மெதுவா சுத்துறப்பவே மொத்தக் காத்தையும் அழுத்துனா முறியும். நான் மெதுவாத்தான் காத்த விடப் போறேன்."

நான் இருபத்திரண்டு பக்கம் கணக்குப் போட்டேன். முந்நூற்று முப்பது நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் ராடு வளையும் என்று வந்தது. ஹில்டிங்கின் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். ஹில்டிங் கொட்டகைத் தரையில் இரண்டு இரும்பு உருளைகளைப் புதைத்து, கார்களை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அவற்றின் பலத்தை அளப்பவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு," என்றார்.

என்னை நம்பி அன்று ஒரே ஒரு வேலை தரப்பட்டது. விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஓஸ். காற்று போதும், நிறுத்து என்று டர்போவின் வால்வுக்குச் சொல்வது அதுதான். அதைச் செருகி, கிளாம்ப்பை முறுக்க வேண்டும். செருகிவிட்டேன். பாதி முறுக்கியிருந்தபோது மணி மூன்றானது.

மூன்று மணிக்கு எங்கள் ஊரில் காபி. திருப்புளி தானாகவே கையைவிட்டு இறங்கிவிடும். 'இந்த ஒரு ஸ்க்ரூவை முடித்துவிட்டு வருகிறேன்' என்று எவனாவது சொன்னால், அவன் வீட்டில் ஏதோ சரியில்லை என்று பேசிக்கொள்வார்கள். நானும் போனேன். இலவங்கப்பட்டை பன் இரண்டு சாப்பிட்டேன். திரும்பி வந்து போனட்டை மூடினேன்.

ஹில்டிங் காரில் ஏறினார். முதல் ஓட்டம், இருநூற்று அறுபது. இரண்டாவது, இருநூற்றுத் தொண்ணூறு. திரையில் கோடு புல்மேடு மாதிரி மெதுவாக ஏறியது.

மூன்றாவது ஓட்டத்தில் கோடு ஏறவில்லை, எழுந்து நின்றது.

போனட்டுக்குள்ளிருந்து வந்ததைச் சத்தம் என்று சொல்ல முடியாது. அது என் விலா எலும்புகளுக்குள் ஏற்பட்டது. சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசின. நான்கு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டராகப் பால்காரியைச் சுமந்த இரும்பு, இத்தனை நாளும் அரைத் தூக்கத்தில் இருந்ததுபோல் விழித்துக்கொண்டது. ஹில்டிங் அப்போதே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும். ஆனால் தொடங்கிய காரியத்தைப் பாதியில் விடும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆறாயிரம் சுற்றுவரை கொண்டுபோய், முறைப்படி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

"நானூத்தி அம்பத்திரண்டு," என்றார், வெளியே எத்தனை டிகிரி என்று சொல்லும் குரலில்.

தூவா போனட்டைத் தூக்கினாள். ஓஸின் முனை கழன்று காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. 'நிறுத்து' என்று வால்வுக்குச் சொல்ல ஆளில்லை.

"யாரு மாட்டுனது?"

"நான்தான்."

"முறுக்குனியா?"

"பாதி. மணி மூணாயிடுச்சு."

அவள் ஓஸின் முனையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மூணுன்னா அவனும் என்ன பண்ணுவான்," என்றார் ஹில்டிங். கேலி இல்லை, உண்மையான வருத்தம்.

"எனக்கு நாளைக்கு முப்பத்திரண்டு மாடு இருக்கு," என்றாள் தூவா. யாரிடமும் இல்லை, எஞ்சினைப் பார்த்து.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தோம். ராடு துளி வளைந்திருந்தாலும் பிஸ்டன் மேலே முழுதாக ஏறாது, எண் குறைந்துவிடும். முதல் சிலிண்டர் பன்னிரண்டரை. இரண்டாவது பன்னிரண்டரை. மூன்றாவதற்கு முன் தூவா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டரை. நான்காவதில் முள் பத்தில் ஒரு கணம் நின்றது. நான் வாழ்நாளில் முதல்முறையாக என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த சுற்றில் முள் நகர்ந்து, மற்ற மூன்றும் நின்ற இடத்தில் போய் நின்றது.

எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று சொல்ல வாய் திறப்பதில்லை. உதட்டைக் குவித்து மூச்சைச் சுருக்கென்று உள்ளே இழுப்போம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் இழுத்தோம்.

நான் கிளாம்ப்பை முழுதாக முறுக்கினேன். தூவா அதை மறுபடி முறுக்கிப் பார்த்தாள். பிறகு ஹில்டிங்.

"காலைல நாலரைக்கு வந்து நிக்கிற," என்றாள் என்னிடம். "கறக்க வர்ற."

நின்றேன். கண்ணாடியில் உறைபனி. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நேற்று எதுவுமே நடக்காததுபோல் ஓடத் தொடங்கியது. நாற்பது கிலோமீட்டரும் நான் ஒரு தட்டல் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். வரவில்லை. சக்கரச் சத்தமும் எங்கள் மூச்சும்தான்.

தொழுவத்து வாசலில் தூவா எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போனாள். நான் போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். கீழே இரும்பு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. கையை எடுக்க மனமில்லை.

"எஞ்சினியரு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அத விட்டுட்டுக் கையக் கழுவிட்டு வா. இங்க முப்பத்திரண்டு பேரு நிக்கிறாங்க."