பாதியில் நின்ற விரல்

தன் பந்து ஸ்டம்பில் பட்டு மேலிருந்த பெயில் கட்டை விழுந்த பிறகு, ஒரு வேகப்பந்து வீச்சாளன் அம்பயரின் கையைப் பிடித்துத் தொங்கி, "தயவுசெஞ்சு அவுட் கொடுக்காதீங்க சார்" என்று கெஞ்சினான் என்றார் கொக்கு. புலி புல்லுக்கட்டைச் சுமந்து வந்து மாட்டுக்குப் போட்டது என்று சொல்லியிருந்தால்கூட நாலு பேர் தலையாட்டியிருப்பார்கள். இதை அவர் வீட்டுப் பூனையே நம்பவில்லை. நம்பாததோடு எழுந்து அடுத்த அறைக்கும் போய்விட்டது.

"கெஞ்சினவன் யாரு மாமா? இடியா?" சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மச்சினன் சிரித்தான். "பெத்த தாய்கிட்டயே ஒரு வாய் தண்ணி கேக்காதவன் அவன்."

"நீயும் பக்கத்துலதானே இருந்தே மாப்ள. உன் காதுல விழலையா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலை."

கொக்கின் மனைவி கரண்டியைச் சட்டியில் போட்ட வேகத்தில் சட்டிக்கு வாயிருந்தால் அலறியிருக்கும். "ஊரே இப்பத்தான் உங்களை மனுஷனா மதிக்குது. நாளைக்கு விசாரணையில போய் இந்தக் கதையை அளக்காதீங்க. கேக்கறவன் கைகொட்டிச் சிரிப்பான்."

 கொக்கு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் இடது கையால்தான் சாப்பிடுகிறார்.

கொக்கு என்பது அம்பயரான அவருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர். பனைமர உயரம், ஈர்க்குச்சி உடம்பு, வெள்ளைச் சட்டை. பந்து வரும்வரை ஆடாமல் அசையாமல் நிற்பார். அப்படி நிற்கும்போது அவர் தோளில் சிட்டுக்குருவி முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சும் வளர்ந்து பறந்துபோனதாகப் பேச்சு. மச்சினன் அவர் மனைவியின் தம்பி. அவரைப் பார்த்தே இந்தத் தொழிலுக்கு வந்தவன். அன்றைய ஆட்டத்தில் கொக்கு பந்து வீசும் முனையிலும், மச்சினன் பக்கவாட்டிலும் நின்றார்கள். டிவியில் போட்டுப் பார்த்துத் தீர்ப்பை மாற்றும் வசதி அந்தப் போட்டிகளில் கிடையாது. அம்பயர் சொன்னால் சொன்னதுதான்.

ஓவரைத் தொடங்கும்முன் பந்து வீசுகிறவன் தொப்பியைக் கழற்றி அம்பயர் கையில் கொடுப்பது பழைய வழக்கம். ஓவர் முடிந்ததும் அம்பயர் திருப்பித் தருவார். கொக்கின் சட்டையை ஒரு கோடைக்காலத்தில் பிழிந்தால் ஒரு குளம் நிறையும், அதில் பாதி அடுத்தவன் தலையில் ஊறிய வேர்வையாக இருக்கும். ஆனாலும் அவர் ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. அந்தத் தொப்பியைக் கக்கத்தில் செருகிக்கொள்ளும்போதுதான் தான் அம்பயர் என்பது அவருக்கே நிச்சயமாகும்.

அன்று காலை, இடி என்று எல்லோரும் கூப்பிடும் அந்த வேகப்பந்து வீச்சாளன் ஒரு எல்பிடபிள்யூ அவுட் கேட்டான். அவன் கேட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போனவன் தான்தான் அவுட் என்று நினைத்து இறங்கி நடந்திருப்பான். பந்து ஸ்டம்புக்கு மேலே போகும் என்று கொக்குக்குத் தெரிந்தது. இல்லை என்று தலையாட்டினார்.

"கண்ணை வீட்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா பெருசு?"

அடுத்த ஓவருக்கு வந்தபோது இடி தொப்பியைக் கையில் தரவில்லை. கொக்கின் காலடியில் எறிந்தான்.

"எடுத்துக் கையில குடுப்பா" என்றார் கொக்கு.

"ஏன், உனக்கு இடுப்பு வளையாதா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு கேட்டதும் மற்ற பந்து வீச்சாளர்களுக்கும் குஷி. ஆளாளுக்கு வந்து காலடியில் எறிந்தார்கள். மதியத்துக்குள் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் எறிய ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பிய பக்கமெல்லாம் தொப்பி. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை, ஒன்றையும் மிதிக்கவுமில்லை.

முனை மாறும்போது மச்சினன் கிட்டே வந்து பல்லைக் கடித்தான். "மாமா, இவன்மேல ரிப்போர்ட் எழுதுங்க. இவனை இன்னிக்கு விட்டா நாளைக்கு நம்ம தலையில உக்காந்துக்குவானுங்க."

"ஆட்டம் முடியட்டும் மாப்ள."

எதிரணியில் ஆடிக்கொண்டிருந்தவனுக்குப் பசை என்று பெயர். நின்றால் ஒட்டிக்கொள்வான், பிய்த்தெடுக்க முடியாது. அவனும் இடியும் ஒரு காலத்தில் ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மைதானத்தில் மட்டும் பாம்பும் கீரியும். "அம்பயரைத் திட்டுறதை விட்டுட்டு எனக்குப் பந்து போடுடா" என்று பசை சிரித்துக்கொண்டே சொன்னது கொக்கின் காதில் விழுந்தது.

இடி தலைக்கு எழும்பும் ஒரு பவுன்சரைப் போட்டான்.

பந்து மட்டையில் பட்டால் ஒரு சத்தம், கையுறையில் பட்டால் ஒரு சத்தம், ஹெல்மெட்டில் பட்டால் ஒரு சத்தம். அத்தனையும் கொக்குக்குத் தாய்மொழி. இந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. ஹெல்மெட் முடியும் இடத்துக்குக் கீழே, காதுக்குப் பின்னால் பட்டது. பசை முட்டிபோட்டான். பிறகு முகம் குப்புற விழுந்தான். பந்து அவன் தோளில் உருண்டு, தரையில் உருண்டு, வேறு வேலையே இல்லாததுபோல மெதுவாகப் போய் ஸ்டம்பில் மோதியது. ஒரு பெயில் விழுந்தது.

எல்லைக்கோட்டருகே நின்றவர்களுக்கு விழுந்த ஆள் சரியாகத் தெரியவில்லை. பெயில் விழுந்தது தெரிந்தது. "அவுட்டே!" என்று கத்தினார்கள்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன காரியம் நடந்தது. கேட்டால் பதில் சொல்லியே பழகிய விரல். விதிப்படி அது அவுட். கொக்கின் கண் விழுந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தது, மனசு ஓடு ஓடு என்றது, கை மட்டும் தன் பாட்டுக்கு மேலே போயிற்று. இடுப்பைத் தாண்டியது. நெஞ்சைத் தாண்டியது.

இடி திரும்பினான். அந்த விரலைப் பார்த்தான். ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினான்.

"வேண்டாம் சார்." காலையிலிருந்து பெருசு என்றவன் சார் என்றான். "சொல்லாதீங்க சார். நீங்க சொல்லிட்டா அவன் போயிடுவான். எந்திரிப்பான் சார், அவன் எந்திரிப்பான். அவுட் கொடுக்காதீங்க சார்."

மச்சினன் ஓடிவந்து இடியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். அதற்குள் டாக்டர் மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

பசை எந்திரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தான்.

ஆனால் ஊர் பார்த்தது வேறொரு படத்தை. இடி ஒரு கிழட்டு அம்பயரின் கையை முறுக்குவதுபோல இருந்தது அது. ஒருத்தன் செத்துக்கொண்டிருக்கிறான், இவன் விக்கெட்டுக்காக அம்பயரை அடிக்கிறான் என்று எழுதினார்கள். ஸ்டம்பில் இருந்த மைக்கில் கூட்டத்தின் கூச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்றிலிருந்து கொக்குக்கு மரியாதை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. "திருட்டு அம்பயர்" என்று முன்பெல்லாம் கத்திய முடிதிருத்துபவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பஸ்ஸில் ஏறினால் உட்கார்ந்திருந்தவர்களோடு டிரைவரும் எழுந்து நிற்கப் பார்த்தார். தெருநாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு ஒதுங்கின. கிரிக்கெட் சங்கம் அவர் படத்தைப் போட்டு, 'நடுவரை மதிப்போம்' என்று சுவரெல்லாம் ஒட்டியது. இடிக்கு ஆயுள் தடை என்று பேசிக்கொண்டார்கள். பந்தைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாதவன் அவன்.

கொக்குக்குத் தூக்கமில்லை. படுத்தால் விரல் போர்வைக்குள் தானாக எழும்பியது.

சாப்பாட்டு மேசைப் பேச்சுக்கு மறுநாள், விசாரணை அறையில் நீள மேசை, தண்ணீர் ஜாடி, சுவரில் கொக்கின் படம். இடி உள்ளே வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கையில் தொப்பி. காலியாக இருந்த நாற்காலிக்குப் போகும் வழியில் கொக்கு உட்கார்ந்திருந்தார். அவரைக் கடக்கும்போது இடி நின்றான், தொப்பியை இரண்டு கையாலும் நீட்டினான். கொக்கு தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியிலிருந்த மச்சினன் அதையே பார்த்தான்.

"உன் தரப்புல சொல்ல ஏதாவது இருக்கா?" என்றார் சங்கத் தலைவர்.

"பந்து நான் போட்டதுதான்" என்றான் இடி. அவ்வளவுதான்.

கொக்கு எழுந்து நடந்ததைச் சொன்னார். முக்கியமாக விரலைப் பற்றிச் சொன்னார். "அந்த மைதானத்துல அந்த நேரத்துல மனுஷனா இருந்தது அவன் ஒருத்தன்தான் சார். நான் அம்பயராத்தான் இருந்தேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"ஐயா, உங்களை யாராவது மிரட்டினாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார் தலைவர்.

"இல்லைங்க."

"உங்க காலடியில தொப்பியை வீசினவன் உங்ககிட்ட கெஞ்சினான்னு சொல்றீங்க. உங்க மரியாதைக்காகத்தான் நாங்க இவ்வளவும் பண்றோம்."

"பொய்யில வர்ற மரியாதையை நான் எந்தக் கக்கத்துல செருகிக்கறது?"

தலைவருக்கு முகம் கறுத்தது. மச்சினன் பக்கம் திரும்பினார். "நீங்கதான் இழுத்து விலக்கினீங்க. அடிக்க வந்தான்னு எங்ககிட்ட சொன்னதும் நீங்கதான். அவன் பேசினது எதுவும் கேக்கலைன்னீங்க. அப்படித்தானே?"

மச்சினன் எழுந்தான். அக்காவிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கே மனப்பாடமாகியிருந்த பதில் அது. வாயைத் திறந்தான். மாமாவின் கக்கத்திலிருந்து அந்தத் தொப்பி எட்டிப் பார்த்தது. திறந்த வாயை மூடினான்.

"என்ன தம்பி, கேட்டுச்சா இல்லையா?"

"காலையிலேர்ந்து அவர் காலடியில தொப்பியா விழுந்துச்சு சார். என்னால தாங்க முடியலை. இவன் மாட்டணும்னு நினைச்சேன்." மச்சினன் யாரையும் பார்க்கவில்லை. "கேட்டுச்சு சார். அவுட் கொடுக்காதீங்கன்னு அழுதான். மாமா சொன்னது அப்படியே நடந்துச்சு."