நான்காம் வார்டில் இல்லாதவர்

காலை பத்து இருபதுக்கு ஆய்வுகூட இயந்திரம் காட்டியது: பொட்டாசியம் ஏழு தசம் ஒன்று. அதே இரத்தத்தை மறுபடி சோதித்தேன். மாற்றமில்லை. அந்த அளவில் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம்.

பேச்சியம்மா, வயது ஐம்பத்தெட்டு, ஊர் கலஹா. நான்காம் வார்டு.

வார்டு எழுதுவினைஞர் ருஷ்தி தொலைபேசியை எடுத்தார்.

"அப்பிடி ஆள் இங்க இல்ல மிஸ். கம்பியூட்டர்ல காட்டல்ல."

"வேற வார்டுக்கு மாத்தினாங்களா?"

"மாத்தினா எங்கட லிஸ்ட்ல இருந்து போயிரும். எங்க போன எண்டு எங்களுக்கு வராது. அட்மிஷனுக்கு அடிச்சிப் பாருங்க."

அனுமதிப் பிரிவில் சிரித்தார்கள். "எங்களுக்கு நாலாம் வார்டுன்னுதானே காட்டுது. வார்டுக்காரங்க தூங்குறாங்களா?"

எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு, அனுமதி, ஆய்வுகூடம் என மூன்று பிரிவுகளுக்கும் மூன்று கணினித் திட்டங்கள். ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. நோயாளியை மாற்றினால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பார்கள். அன்றைய துண்டுகளையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சிற்றூழியர் ஒரே நடையில் அனுமதிப் பிரிவுக்குக் கொண்டுபோவார்.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் மோகனராஜ் சேரிடம் சொன்னேன்.

"ரிப்போட்ட தட்டுல போடும்மா. தேவைன்னா வந்து எடுப்பாங்க. லேப் ஆளு ஒருக்கா வார்டுக்குப் போனா, பிறகு தெனமும் நம்மள ஓட வப்பாங்க."

எதிர்த்துப் பேச எனக்கு வராது. தட்டில் போட்டேன். அடுத்த இரத்தத்தை எடுத்தேன், அதற்கடுத்ததையும் எடுத்தேன். மூன்றாவது குழாயை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டேன். அறிக்கையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். சேர் கூப்பிட்டது கேட்டது.

ஐந்தாம் வார்டில் இல்லை. ஆறிலும் ஏழிலும் இல்லை. ஒன்பதில் ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். பேச்சியம்மாவைக் கேட்டேன்.

"இப்பதான், பத்து நிமிசம் இருக்கும்," என்றார் தாதி. "ரிப்போட் எங்க, ரிப்போட் எங்கன்னு டொக்டர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. லேப்புக்கு எடுத்தா லைன் கிடைக்கல்ல."

அவர்கள் எடுத்த நேரம் லைனில் இருந்தது நான்தான்.

வெளியே கதிரையில் மகள் பிரேமிளா இருந்தாள். அழுது முடித்த முகம். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து எழுந்தாள்.

"லேப் மிஸ்ஸா? விடிய அம்மாக்கிட்ட ரத்தம் எடுத்தாங்களே. அதுல ஏதும் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"தெரிஞ்சா ஏன் ஒருத்தரும் வரல்ல?"

துண்டு, கணினி, தட்டு எல்லாம் வாய்வரை வந்தன.

"நான் ஒடனே வரல்ல," என்றேன்.

அவள் கையை நீட்டினாள். அறிக்கையை வார்டுக்கன்றி வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது.

கொடுத்தேன்.