கிளிக்கு மட்டும் வேலை செய்த டிவி

சாயங்காலம் எண்ணெய்க் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த சந்தனத்துக்கு, செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்கு எது, வாய் எது என்று பிடிபடவில்லை. ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி. ராஜபாளையத்தில் வாங்கி, வேனில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவே வேடிக்கை பார்க்க இறக்கியது. எதிர்வீட்டுக்காரன் நாற்பத்துமூன்று இஞ்ச் வாங்கிவிட்டான் என்ற வயிற்றெரிச்சலைத் தவிர வேறு காரணம் கிடையாது. இப்போது பார்த்தால், திரையில் வருகிற முகமெல்லாம் பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது.

கேபிள்காரர் பழைய டப்பாவையும், மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று மூணு தலை உள்ள பழைய ஒயரையும் அப்படியே மாட்டிவிட்டுப் போயிருந்தார். டப்பாவை மாற்றினால் நன்றாகத் தெரியும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். ஓடுகிற டப்பாவை எதற்கு மாற்ற வேண்டும் என்று அவரை விரட்டியதே இந்தப் புண்ணியவான்தான். டிவியோடு வந்த பென்டிரைவைச் சொருகினால் மட்டும் பச்சைக்கிளியும் அருவியும் அப்படித் துல்லியமாக வரும். இதிலிருந்து ஒரு மனுசனுக்கு என்ன புரிய வேண்டும்? சந்தனத்துக்குப் புரிந்ததோ, டிவி பழுது, கிளிக்கு மட்டும் வேலை செய்கிறது என்பதுதான். வாங்கிய கடையில் போய்ச் சொன்னால் விசயம் வெளியே வந்து எதிர்வீட்டுக்காரன் சிரிப்பான். சத்தமில்லாமல் யார் தலையிலாவது கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

டிவி விலைக்கு இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, ராஜபாளையத்திலிருந்து கருத்தம்மா வந்து சேர்ந்தாள். மில் வேலைக்குப் போகிறவள். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிற அவள் புருசனுக்குக் கபடி ஆட்டம் பார்ப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. கண்ணும் மங்கல், அதனால் பெரிய டிவியாகத் தேடிக்கொண்டிருந்தாள். சந்தனம் விவரமாகப் பென்டிரைவைச் சொருகினார். கிளி றெக்கையை விரித்ததும் கருத்தம்மா சொக்கிப்போனாள். பழுது கிழுது ஒண்ணும் இல்லையே என்று மட்டும் கேட்டாள்.

"எங்க கடை எண்ணெய் எம்புட்டுச் சுத்தமோ, இதும் அம்புட்டுச் சுத்தம், தாயி" என்றார் சந்தனம்.

அவருடைய செக்கு எண்ணெய்க்கு ஊரில் இருந்த பேர் அப்படி. மோந்துகூடப் பார்க்காமல் வாங்கிப் போவார்கள். அவளும் அந்தப் பேரை நம்பிக் காசைக் கொடுத்து டிவியை லோடு ஆட்டோவில் ஏற்றினாள்.

மறுநாளே அவளிடமிருந்து போன். பழுதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று சந்தனம் எடுக்கவே இல்லை. போனைப் பிண்ணாக்குச் சாக்குக்குள் செருகிவிட்டார். அது உள்ளே கிடந்து முனகிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அவள் பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட, மனுசன் எண்ணெய் டின்களுக்குப் பின்னால் குத்தவைத்துக்கொண்டார். அவிய கூமாப்பட்டிக்கு எள்ளு எடுக்கப் போயிருக்காக என்று அவர் பெண்டாட்டி பாண்டிசெல்வி சொல்லி அனுப்பிவிட்டு, டின்னுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள். காறித் துப்பாத குறைதான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கருத்தம்மா கடை வாசலில் நின்று சத்தம் போட்டால் பேர் போகும், பேர் போனால் பிழைப்பு போகும்.

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. பாரத்தைப் பெருமாளிடம் இறக்கிவைப்போம் என்று, ஊருக்குப் பக்கத்துக் குன்றில் உள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனார். கார்த்திகைத் தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை வேறு, இது வேறு. படியெல்லாம் கூட்டம். வரிசையில் நெருக்கியடித்து நிற்கும்போது பின்னாலிருந்து "அண்ணாச்சி" என்றது ஒரு குரல். கருத்தம்மாதான். முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள், எங்கே ஓட? நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவர் கடையில் எண்ணெய் வாங்குகிறவர்கள் வேறு.

அவள் அடுத்த வார்த்தை பேசுமுன் கும்பிட்டுவிட்டார். "தாயி, தப்புத்தான். பழுதுன்னு தெரிஞ்சேதான் ஒன் தலையில கட்டுனேன். டிவியத் திரும்பக் கொண்டாந்துரு. இங்க வச்சு என் மானத்த வாங்கிராத."

கருத்தம்மா முழித்தாள். டிவி அருமையாக ஓடுகிறதாம். அவள் தெருக் கேபிள்காரர் எச்.டி. டப்பாவும் அதற்குண்டான ஒற்றை ஒயரும் மாட்டிக் கொடுத்த பிறகு, கபடி ஆடுகிறவன் நெத்தி வேர்வைகூடத் தெரிகிறதாம். ஆட்டோவில் ஏற்றக் கழற்றிய, டிவியை நிறுத்தி வைக்கிற ரெண்டு காலையும் கொடுக்க மறந்துவிட்டார் சந்தனம். அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் அலைந்தாளாம். டிவி இப்போது அரிசி டிரம்மில் சாய்ந்து நிற்கிறதாம்.

சந்தனத்துக்குப் போன உசிர் திரும்பி வந்தது. அப்போ பழுதே இல்லையா, நல்லவேளை என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "நல்ல டிவின்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல அண்ணாச்சி. கெட்டதுன்னு நெனச்சுத்தான, படுத்துக் கெடக்குற மனுசனுக்குக் குடுத்தீக. ஒங்க எண்ணெய நம்பித்தான் நான் வாங்குனேன்."

முன்னால் நின்ற ஒரு அம்மா மெல்லத் திரும்பி, "அப்போ நேத்து வாங்குன நல்லெண்ணெய்?" என்று கேட்டாள்.

அந்த எண்ணெயில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. ஆனால் அதைச் சொல்ல வந்த சந்தனத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எண்ணெய் சுத்தந்தாம்மா" என்றார் கடைசியில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "ஆனா நான் சொல்லி நீங்க எப்படி நம்புவீக? கொறைய மறைச்சு ஒருதடவை வித்துட்டா, பொறவு உண்மையச் சொன்னாலும் வாங்க ஆள் இருக்காது."