கண்டக்டர் வீட்டுக் கூடம்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த வாடகை வீட்டின் கூடம், புதிதாக வருகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நாற்காலி அளவு நீண்டது. கொத்தனார் வரவில்லை, செங்கல் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் முதன்முறையாகப் படியேறினார்களோ, திங்கட்கிழமை காலையில் அத்தனை பேர் உட்காரும் இடம் கூடுதலாக இருக்கும். தரையில் அதே சாம்பல் நிறக் கல், சுவரில் அதே நீலச் சாயம், நடுவில் ஒட்டு தெரியாது. கீழே டயர் கடையும் கூடவே நீண்டது. கடைக்காரர் வாயைத் திறக்காமல் டயர்களைக் கொஞ்சம் தாராளமாக அடுக்கிக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வாடகையை ஏற்றினார். நகராட்சியிலிருந்து அளக்க வந்தவர், நாடாவின் ஒரு முனையை ஜன்னலில் மாட்டிவிட்டு நடந்தார். பாதி தூரத்தில் நாடா தீர்ந்துபோனதால் உத்தேசமாக ஒரு வரியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அங்கே குடியிருந்தவர் பல வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸிலும் "உள்ள போங்க, இடம் இருக்கு" என்று சொல்லியே ஜனங்களை ஏற்றிப் பழகிய வாய். எப்படியோ அவர்களும் உள்ளே போய்விடுவார்கள். ஒரு பெரிய காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு, மிச்ச உயிர் கர்த்தருக்கு என்று வேலையை விட்டுவிட்டுப் போதகரானார். ஆனாலும் கண்டக்டர் என்ற பெயர் போகவில்லை. வீட்டில் ஆராதனை தொடங்கிய முதல் ஞாயிறன்று ஒரு வாட்ச்மேன், ஒரு நர்ஸ், மனைவி விட்டுப் போன ஒரு முடிதிருத்துபவர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிகிற நேரத்தில் இன்னொருவர் வந்து கதவருகே தயங்கி நின்றார். கண்டக்டர் பழக்கதோஷத்தில், "உள்ள வாங்க, இடம் இருக்கு" என்றார். இடம் இருக்கவில்லை. மறுநாள் காலையில் இருந்தது. சொன்ன வார்த்தையை வீடு காப்பாற்றிவிட்டது என்று அவர் நினைத்தார், மேற்கொண்டு ஆராயவில்லை.

அவர் மனைவி டிப்போவில் பஸ் இருக்கைகளுக்கு உறை தைத்தவள். அங்கேதான் அவரைப் பார்த்தாள், அங்கேதான் கல்யாணப் பேச்சும் நடந்தது. குழந்தை இல்லை. இப்போது தையல் மெஷினைச் சமையலறையில் போட்டுக்கொண்டு சபை நாற்காலிகளுக்கு அரக்கு நிறத்தில் உறை தைத்தாள். சமையலறை கூடத்தின் ஒரு கோடி. படுக்கையறை மறுகோடி, அதையொட்டி மேடை. கூடம் நீள நீள இரண்டுக்கும் நடுவே தூரம் வளர்ந்தது. ஆரம்பத்தில் அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, வீட்டுக்குள்ளேயே நடந்து இடுப்பு குறைந்துவிட்டது என்று போனில் அக்காவிடம் பீற்றிக்கொண்டாள். பிறகு அவருக்குக் கொண்டுபோகிற டீ போய்ச் சேர்வதற்குள் ஆறியது. பிறகு சாப்பாடே ஆறியது. ஒரு நாள் உறைகளைத் தைத்து முடித்தபோது கால் கெஞ்சியது. இன்றைக்கு ஒரு நாள்தானே என்று மெஷின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். அந்த ஒரு நாள் முடியவேயில்லை.

வந்தவர்களைக் குறை சொல்ல வழியில்லை. அந்த ஊரில் அடுக்குமாடிகள் பெருகியிருந்தன, லிஃப்டில் ஏறியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எண் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாரம் முழுக்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஆட்கள் ஞாயிறன்று இங்கே வந்தால், வாசலில் ஒருவர் கையைப் பிடித்து, போன வாரம் இருமிக்கொண்டிருந்தீர்களே, இப்போது தேவலையா என்று கேட்டார். பாட்டு இருந்தது, வண்டி நிறுத்த இடம் இருந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கண்டக்டரின் குரல் இருந்தது. எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்தாலும் அது காதோரத்தில், அந்த ஒருவரிடம் மட்டும் பேசுவதுபோல் கேட்டது. கணக்கில் தோற்ற பிள்ளையிடம் கணக்கைப் பற்றியும், அதே நேரத்தில் தகப்பனைப் புதைத்துவிட்டு வந்தவனிடம் தகப்பனைப் பற்றியும் அது பேசியது. மனைவிக்கு மட்டும் அது ஸ்பீக்கரில் வருகிற குரலாகவே கேட்டது. தன் காதில் ஏதோ கோளாறு என்று அவள் டாக்டரிடம் போனாள். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

வருடங்கள் ஓடின. பின்வரிசைக்கும் அவரைக் காட்டுகிற பெரிய திரைகள் வந்தன, கூடத்துக்குள் பேட்டரி வண்டிகள் ஓடின, நடுத்தூண் அருகே ஒரு காபிக் கடையும் மருந்துக் கடையும் முளைத்தன. தொழிற்சாலையிலிருந்து மெத்தை வைத்த இருக்கைகள் வந்து இறங்கியதும் உறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவள் மெஷினுக்கே ஓர் உறை தைத்து மூடிவைத்தாள். கண்டக்டர் அவளை மறந்துவிட்டார் என்று சொன்னால் அது அபாண்டம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் சமையலறையை நோக்கி நடக்கத்தான் செய்தார். வரிசைக்கு வரிசை ஆட்கள் எழுந்து ஜெபம் கேட்டார்கள், அவரால் மறுக்க முடியவில்லை. நடுத்தூணை எட்டியபோது சனிக்கிழமை மாலை ஆகிவிட்டது, மறுநாள் ஆராதனைக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது. இன்னொரு முறை வண்டியில் புறப்பட்டார், வண்டியையும் நிறுத்தினார்கள். போனில் பேசலாமே என்றாள் அக்கா. அவருடைய போன் சபைச் செயலாளரிடம் இருந்தது, செயலாளருக்கு எப்போதும் வேறொரு அழைப்பு இருந்தது. வெளியே சுற்றிப் போனால் மேடைப் பக்கக் கதவில் அடையாள அட்டை கேட்டார்கள். வீட்டுக்காரிக்கு எதற்கு அட்டை என்று யாரும் அவளுக்கு அடித்துத் தந்ததில்லை.

கடைசியில் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "அங்க யாரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க? எங்கிட்ட வந்துடு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாவது இருக்கலாம்." அவளுக்கும் அது சரியென்றே பட்டது. துணிமணியை ஒரு பையில் அடைத்தாள். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போக மனசு வரவில்லை. நேரில் சொல்லிவிட்டுப் போகலாம், போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பையைப் பிரித்துவிடலாம். இதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, பையோடு பின்படி வழியாக இறங்கி, சபைக்கு வருகிறவர்களின் பெரிய வாசல் பக்கம் போனாள். வரவேற்புக் குழுவில் நின்ற பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் தடவையா வர்றீங்களாம்மா?"

"இல்லம்மா, இது என் வீடுதான்."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "எல்லாரும் இதையேதான் சொல்றாங்கம்மா. வந்த அன்னைக்கே சொந்த வீடு மாதிரி இருக்குன்னு." பையை வாங்கிக்கொண்டாள், தோளில் புதியவர்களுக்கான மஞ்சள் வில்லை ஒன்றை ஒட்டினாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், முழங்கால் வலி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும் குனிந்து அதைத் தொட்டு ஜெபம் செய்தாள். வருடக்கணக்கில் தன்மேல் ஒரு கை பட்டிராத அவள், ஜெபம் முடிந்த பிறகும் காலை நகர்த்தாமல் வைத்திருந்தாள். தான் யார் என்பதை மறுபடி சொல்ல வாய் எழவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் முன்வரிசைதான், அவர்களை ஏற்றிய வண்டியும் வழியில் எங்கும் நிற்காது. அவள் நடந்து தீர்த்திருக்க முடியாத தூரத்தை அந்த வண்டி ஒரு பாட்டு முடிவதற்குள் கடந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்கும் அந்தக் குரல் காதோரத்தில் கேட்டது. "தனியாவா வந்திருக்க? கொஞ்சம் நகர்ந்து உட்காரு, இடம் இருக்கு" என்றது. அவள் நகர்ந்தாள். முன்வரிசையில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தார்கள். அவள் அழுதாள், பக்கத்திலிருந்த யாரோ கைக்குட்டை கொடுத்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் புதியவர்கள் வரிசையில் நின்றார்கள், போதகர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து இரண்டு வார்த்தை பேசுவது அந்தச் சபையின் வழக்கம். அவள் முறை வந்தது. திரையில் தெரிந்ததைவிட ஆள் மெலிந்திருந்தார், கழுத்து எலும்பு துருத்தியிருந்தது. அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "எங்கேருந்து" என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து பார்த்து நிறுத்தினார்.

"சமையல்கட்டுலேருந்து" என்றாள் அவள்.

அவர் கையை விடவில்லை. "சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"கொண்டுவந்து தர்றாங்க. ஒண்ணுலயும் உப்பு இல்ல."

பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள் என்று ஓர் இளைஞன் மரியாதையாக அவள் முழங்கையைத் தொட்டான். அவள் அவசரமாக, "நான் அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு" என்று தொடங்கினாள். வரிசை அவளை நகர்த்தியது. "அடுத்த வாரமும் வா" என்றார் கண்டக்டர். எல்லாரிடமும் அவர் சொல்வது அதுதான். அவளிடம் சொன்னபோது மட்டும் குரல் உடைந்தது, அதற்குள் அடுத்தவர் கை நீண்டுவிட்டது.

அவள் பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்கே திரும்பி வந்து துணிகளை எடுத்து அடுக்கினாள். மனைவிக்கு அட்டை போடும்படி கண்டக்டர் அன்றே செயலாளரிடம் சொன்னதாகவும், அது அச்சாகிப் புறப்பட்டுவிட்டதாகவும் பிற்பாடு கேள்விப்பட்டாள். அது சமையலறை வரைக்கும் வந்து சேரவில்லை. திங்கட்கிழமை காலையில் எழுந்து கதவைத் திறந்தபோது, எதிர்ச்சுவர் இன்னும் சற்று தள்ளிப் போயிருந்தது. அதில் ஒரு நாற்காலி தன் பங்கு என்று அவளுக்குப் புரிந்தது. அத்தனை வருடமும் வீடு அவளை ஆளாகக் கணக்கில் சேர்த்ததில்லை, இப்போது சேர்த்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு பெரிய வாசலுக்குப் போனாள். வரவேற்பில் வாரத்துக்கு வாரம் ஆள் மாறும். முதல் தடவையா என்று கேட்டார்கள், ஆமாம் என்றாள். அதற்கடுத்த வாரமும் ஆமாம் என்றாள். ஒவ்வொரு வாரமும் அவர் அவள் கையைப் பிடித்து, சாப்பிட்டியா என்று கேட்கிறார். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் உப்பை அவர் உள்ளங்கையில் வைத்து மூடுகிறாள். மறுநாள் கூடம் அவள் பேரில் ஒரு நாற்காலி நீள்கிறது. பார்க்கப் போகிறதே தூரத்தைக் கூட்டுகிறது, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று அக்கா போனில் திட்டினாள்.

"எனக்குக் கட்டுப்படியாகுதுக்கா" என்றாள் அவள்.

புதியவர்கள் பெருகிக் கூடம் நீண்டுகொண்டே போவதால் வண்டிக்கும் இப்போது நேரம் பிடிக்கிறது. அவள் சனிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிடுகிறாள்.