பீரோ இல்லாத வீட்டில் புயல்

மகன் விரும்பும் பெண்ணின் வீட்டுக்குத் தலைமையாசிரியை போனது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான். புயல் மறுநாள்தான் கரையைத் தொடும் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் போனோமா, சொன்னோமா, வந்தோமா என்று முடித்துவிடலாம் என்று நினைத்தார். லீவு கேட்டு வரும் ஆசிரியர்களிடம் மனம் நோகாமல் 'முடியாது' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. துணைக்குக் கணவர். மனைவி சொன்னாலும் 'ஆமா', மகன் சொன்னாலும் 'ஆமா' என்கிற மனிதர். இந்த விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பெண்ணின் அப்பா, வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கித் தரும் லாரிக்காரர். தாயில்லாத பெண். அப்பாவோடு சேர்ந்து கட்டிலும் பீரோவும் தூக்குவாள். பீரோ தூக்குகிற மருமகளைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதுதான் தலைமையாசிரியையின் கவலை. அந்த நாலு பேர் யார் யார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

"வாங்க அத்தை, வாங்க மாமா" என்று பெண் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. நாற்காலி இல்லை, மேசை இல்லை. சுவரில் ஆணி இருந்தது, படம் இல்லை. ஜன்னல்களில் மட்டும் பலகை அடித்திருந்தார்கள். அவள் ஒரு பழைய போர்வையைத் தரையில் விரித்தாள். எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட்டார்கள் போலிருக்கிறது என்று தலைமையாசிரியை நினைத்துக்கொண்டார். நமக்கென்ன வந்தது, சொல்லிவிட்டுக் கிளம்பப் போகிறோம். உட்கார்ந்த பிறகும் கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

"காபி போட வழியில்ல அத்தை. தண்ணி தரட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. இப்படி உக்காரு. ஒரு விஷயம் பேசணும்."

அவர் தொண்டையைச் செருமும்போது லாரிக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார்.

"சம்பந்தி, புயல் முந்திக்கிட்டு வந்துடுச்சு. தெருமுனையில மரம் சாஞ்சு கெடக்கு. இப்ப யாரும் வெளிய போக முடியாது."

அதற்குள் சம்பந்தியா என்று தலைமையாசிரியைக்குச் சுருக்கென்றது. திருத்தலாம் என்று பார்த்தால் மின்சாரம் போய்விட்டது. பலகை அடித்த வீடு, பட்டப்பகலில் இருட்டாகிவிட்டது. லாரிக்காரர் சமையலறைக்குப் போய்த் தடவிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பினார்.

"மெழுகுவத்தி லாரியில போயிடுச்சும்மா."

"டார்ச்சுப்பா?"

"அதுவும்தான்."

"பிஸ்கட்டு?"

"புயலுக்குன்னு வாங்கினதெல்லாம் ஒரே பெட்டியில போட்டு, மேல 'புயல் சாமான்'னு எழுதி, நான்தான் ஏத்தினேன்."

வெள்ளம் வந்தால் சாமான் நனையக் கூடாதென்று, மனிதர் காலையிலேயே வீட்டை மொத்தமாகக் கட்டி மேட்டுப்பக்கக் கிடங்குக்கு அனுப்பியிருக்கிறார். தொழில் புத்தி. கட்ட ஆரம்பித்தால் ஒரு குண்டூசியைக்கூட விட்டுவைக்க மாட்டார். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஆமா' கணவரும் சிரித்தார். தலைமையாசிரியை உதட்டைக் கடித்துச் சமாளித்தார்.

பிறகு காற்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டது. தாழ்ப்பாள் கடகடவென்று ஆடியது. இந்த மாதிரி நேரத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு பீரோவை நகர்த்தி வைப்பார்கள். பீரோ மேட்டில் பத்திரமாக இருந்தது. வேறு வழியில்லாமல் நான்கு பேரும் கதவில் முதுகைக் கொடுத்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"காலை நீட்டாதீங்க அத்தை. மடக்கி நல்லா ஊணிக்கோங்க."

ஊன்றிக்கொண்டார். காற்று முதுகில் இடிக்கும்போதெல்லாம் கதவோடு சேர்ந்து நான்கு பேரும் ஆடினார்கள். எப்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தோம் என்று அவருக்கே நினைவில்லை. காய்ப்புக் காய்த்த கை. விட மனம் வரவில்லை.

"உங்க புள்ள பயந்தா பாட்டு முணுமுணுப்பாரு அத்தை."

"பரீட்சைக்குப் போறப்பல்லாம் அப்படித்தான் போவான்" என்றார். அப்புறம் மகனைப் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு ஆண்களும் கதவில் சாய்ந்தபடியே மாறி மாறிக் குறட்டை விட்டார்கள்.

சாயங்காலம் காற்று அடங்கியது. தெருவில் மரத்தை வெட்டும் சத்தம் கேட்டதும் ஆண்கள் கைகொடுக்க ஓடினார்கள். தலைமையாசிரியை எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். சொல்ல வந்த வார்த்தை இப்போது வாயில் வர மறுத்தது. வேறு வார்த்தை சொல்லியும் பழக்கமில்லை.

பெண் போர்வையை மடித்துக்கொண்டே பேசினாள்.

"அத்தை, நீங்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீங்க. எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. வீடு ஏன் இப்படிக் காலியாக் கெடக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே. பொண்ணு எடுக்க வர்றவங்க கேக்காம இருப்பாங்களா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தலைமையாசிரியைக்கு அதிகமாக வலித்தது. வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாதவர் வீடாக இருந்தால்கூட 'என்ன ஆச்சு' என்று கேட்டிருப்பார். இங்கே கேட்கத் தோன்றவே இல்லை.

மடித்த போர்வையை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி விரித்து, அதில் உட்கார்ந்தார்.

"லாரி எப்பம்மா வரும்?"

"ரோடு சரியானதும் வந்துடும்."

"கட்டிலை எந்தப் பக்கம் போடுவீங்க? இந்த ஆணியில யாரு படம் இருந்துச்சு? உங்க அம்மாவா? உக்காரு. ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லு."

பெண் உட்கார்ந்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். முதலில் அழுகைதான் வந்தது.