படுத்தவங்க போடாத ஸ்டாரு

ஐசக்கின் கை கன்னத்தில் இறங்கிய பிறகும் பியூலா பேச்சை நிறுத்தவில்லை.

போடியில் அவர்களுடைய ஏலக்காய்க் கடையின் பின்கட்டு அது. கணவன், மனைவி இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இருவருக்கும் சேர்த்து மருத்துவ இன்சூரன்ஸ் போட பியூலாவின் தம்பி பிரின்ஸ் வந்திருந்தான். அவன் ஏஜென்ட். "அஞ்சு ஸ்டாரு அத்தான்" என்று போனில் கம்பெனிக்கு மக்கள் போட்ட மதிப்பீட்டைக் காட்டியதும், ஐசக் சரியென்று தலையாட்டிவிட்டார்.

பியூலாவால் அப்படித் தலையாட்ட முடியவில்லை. கடைக்கு லோடு ஜீப்பு ஓட்டிய சிலமலை ஊர்க் கன்னையனுக்கும் அதே கம்பெனிதான். போன மாதம் பணத்துக்கு ஒப்புதல் வராமல், வெளியூர் ஆஸ்பத்திரி நடையிலேயே கிடந்து அவன் செத்தான். அன்றைக்கே அங்கே இன்சூரன்ஸ் பார்க்கும் பெண்ணிடம், எதையெல்லாம் பார்த்து கம்பெனியை எடுக்க வேண்டும் என்று பியூலா கேட்டு வந்திருந்தாள்.

"வாங்குன அன்னைக்குப் போடுற ஸ்டாருங்க அது. ஆஸ்பத்திரியில படுத்தவங்க போட்டதில்ல. நூறு பேரு பணம் கேட்டா எத்தன பேருக்குக் குடுத்தான், எத்தன புகாரு இருக்குன்னு பாக்கணுமாம். ஏலக்கா எடுக்கப் போற மலையில ஒங்களுக்கு நெஞ்ச அடைச்சா போடிக்குத்தான எறக்கணும்? போடியில ஒரு ஆஸ்பத்திரியும் அவன் லிஸ்ட்ல இல்ல."

"மச்சினன் முன்னால எனக்குப் பாடம் எடுக்குறியா?"

இரண்டாவது அடியில் காது அடைத்தது. முடியைப் பற்றி இழுத்தபோது, "இவன் கம்பெனி வேணாம்" என்றாள். ஐசக் அவளைத் தூக்கித் தள்ளினார். எடைமேடையின் இரும்பு விளிம்பில் மணிக்கட்டு மோதி முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. உதட்டு ரத்தம் ஏலக்காய்ச் சாக்கில் சொட்டியது.

பிரின்ஸ் குனிந்து, "ஏன்க்கா அவுக கோவத்தக் கெளப்புற?" என்றான்.

முப்பத்தைந்து வருடத்து அடிகளைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு வலித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பதற்கு முன்பே ஐசக், "வழுக்கி விழுந்துட்டா" என்றார்.

"விழல. அடிச்சாரு" என்றாள் பியூலா. சத்தமாகத்தான் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஐசக் பல்லைக் கடித்துக்கொண்டு அவள்மேல் பாய்ந்தார். இரண்டு ஊழியர்கள் பிடித்து வாசலுக்குத் தள்ளினார்கள்.

பிரின்ஸ் கட்டிலருகே வந்து நின்றான். "வீட்டு விசயத்த இங்க வச்சு..."

"எம் பேருல நீ எதுவும் போட வேணாம்டா. என்னுத நானே பாத்துக்குறேன். வெளிய போ."

மணிக்கட்டு வீங்கி, தங்க வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. கழற்ற முடியவில்லை. நர்ஸ் சின்ன ரம்பத்தை எடுத்தாள்.

"அறுக்காதீங்கம்மா, கல்யாண வளையலு!" வாசலிலிருந்து ஐசக் கத்தினார்.

நர்ஸ் தயங்கினாள். பியூலா வலியோடு கையை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினாள்.